பன்னிரண்டு அடியை ஆறாக்கிய கதை

என் கதை முதன்முதலாக அச்சில் வந்த அன்று, அதைக் கொண்டுபோய் வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தேன்.

கதை வந்தால் மற்றவர்கள் நாலு பேருக்குக் காட்டுவார்கள், வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அது மார்கழி மாதம். பாகூர் ஏரிக்குக் கீழே என் மூன்று காணி சம்பாவும் பால் பிடித்து நின்றது. அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் குறைவு. கதிர் முற்ற இன்னும் ஒரே ஒரு தண்ணீர் வேண்டும். அது கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். எங்கள் வாய்க்காலில் என் முறை வர இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய மனிதரைத்தான் கதையில் பக்கம் பக்கமாகக் கேலி செய்து வைத்திருந்தேன்.

அவரை முறைக்காரர் என்போம். ஏரி மதகிலிருந்து வருகிற வாய்க்காலில் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்து, ஒருவன் மடையை அடைத்து அடுத்தவன் மடையைத் திறக்கிற வேலை அவருக்கு. எங்களைப் போல அவரும் பயிர் வைப்பவர்தான், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஊர் கூடி அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்திருந்தது. கடிகாரம் கிடையாது. காலையில் கரையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்து நிற்பார். தன் நிழலின் தலை விழுந்த இடத்தில் ஒரு குச்சியைக் குத்தச் சொல்லுவார். பிறகு குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து அதுவரை நடந்து எண்ணுவார். நிழல் பன்னிரண்டு அடிக்குக் குறுகினால் எனக்கு மேல் வயல்காரரின் முறை முடிந்தது, என் முறை தொடங்கியது. உச்சியில் ஐந்து அடிக்கு வந்தால் என் முறையும் முடிந்தது. வெயிலானாலும் பனியானாலும், நல்லது கெட்டது எதுவானாலும், இடது கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு அந்த மனிதர் வந்து நின்றுவிடுவார். அவர் வீட்டுக் கூரை பற்றி எரிந்த நாளில்கூட, தீயை அணைத்துவிட்டு மேலெல்லாம் கரியோடு வந்து அளந்தார்.

இப்படி ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் கதை எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா?

முதலில் நான் எழுதி அனுப்பிய கதையை மதராஸ் பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு கடிதம். "உங்கள் கதையில் இரண்டு பேர் வருகிறார்கள். இரண்டு பேரும் தொடக்கத்தில் எப்படி இருந்தார்களோ முடிவிலும் அப்படியே இருக்கிறார்கள். ஒருவரை நிற்க வையுங்கள். மற்றவரை நகர வையுங்கள். அப்போதுதான் நிற்பவர் நிற்பது வாசகனுக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் எனக்குக் கோபம். மூன்றாம் நாள் புரிந்தது. ஒருமுறை நல்லவாட்டுக் கடலில் கட்டுமரம் ஏறிப்போய்க் குடல் வெளியே வரும்வரை வாந்தி எடுத்திருக்கிறேன். அப்போது மரம் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. கரையில் இருந்த ஒற்றைப் பனையைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று தெரிந்து, மறுபடி ஒருமுறை வாந்தி எடுத்தேன். கதைக்கும் அப்படி ஒரு பனை வேண்டும், ஒரு கட்டுமரம் வேண்டும்.

பனை தயாராக இருந்தது. கட்டுமரமும் கிடைத்தது. அது என் மனைவியின் அண்ணன்.

மச்சான் ஏழு வருஷம் சைகோனில் கணக்கு எழுதிவிட்டு வந்தவர். போகும்போது வேட்டி, வரும்போது கால்சட்டை, தொப்பி, முழங்கால் வரைக்கும் பூட்சு. சாப்பிட்டு முடித்தால் நன்றிக்கு பிரெஞ்சில் 'மெர்சி' என்பார். ஊரில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் பாதத்தை யாரும் பார்த்ததில்லை. இவர் மாறியவர், அவர் மாறாதவர். இதைவிட ஒரு கதைக்கு என்ன வேண்டும்? கதையின் கடைசிப் பக்கத்தில் கடல் கடந்து வந்தவன் பூட்சைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி அழுவான். குடைக்காரனோ அவனை ஏறிட்டும் பார்க்காமல் நிழல் அளந்துகொண்டிருப்பான். எழுதி முடித்து நானே மூக்கைச் சிந்தினேன்.

ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதில் மட்டும் நான் மிகவும் கெட்டிக்காரத்தனமாக இருந்தேன். குடையை இடது கக்கத்திலிருந்து வலது கக்கத்துக்கு மாற்றினேன். பன்னிரண்டு அடியை ஆறு அடியாக்கினேன். இனி அவரைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது என்று நம்பினேன்.

பத்திரிகை வந்த மறுநாள், மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப்போன மனைவி கையில் பத்திரிகையோடு வந்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள். வாசலில் நின்றபடியே ஒரு பக்கம் படித்தாள்.

"இன்னாங்க, இது நம்ம முறைக்கார அண்ணன் தானே?"

"இல்லடி. அது கற்பனை."

"கற்பனைக்கு எதுக்கு அவரு குடை?"

"அவரு குடை இடது கக்கம். இது வலது கக்கம். நல்லாப் படி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. "நல்லா மறைச்சீங்க போங்க. தண்ணிக்கு இன்னும் ஏழு நாளு இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கு அது ஒன்றுதான் ஞாபகம் இருந்தது.

அன்று மாலையே மச்சான் வந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனார். தங்கை அண்ணனுக்குக் கொடுப்பதை நான் எப்படித் தடுப்பது? தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். மறுநாள் அவர் மேரி என்கிற ஊர் நிர்வாக அலுவலக வாசலில் பத்திரம் வாங்க வந்து காத்திருந்தவர்களுக்கு அதை உரக்கப் படித்தார். அதற்கு மறுநாள் கள்ளுக்கடையில். கதாநாயகன் தானே என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. "கடைசியில அழுவுறது ஒண்ணுதான் எனக்கு ஒப்பல. மத்ததெல்லாம் தத்ரூபம்" என்றாராம். குடைக்காரன் யார் என்று கேட்டவர்களுக்கு அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கையை ஏரிப் பக்கம் நீட்டிக் காட்டினாராம். மூன்றாம் நாள் அந்தக் கதை முறைக்காரர் வீட்டுக்கே போனது. அவருக்கு எழுத்து தெரியாது. மச்சான் அவர் வீட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து முதலிலிருந்து முடிவுவரை படித்துக் காட்டிவிட்டு வந்தார்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல மாப்ள. இன்னொரு வாட்டி படின்னாரு. படிச்சேன். மறுபடியும் படின்னாரு. மூணு வாட்டி படிச்சேன். தொண்டை வத்திப்போச்சி."

மூன்று முறை! ஒரு முறை கேட்டால் கோபம் வரலாம். இரண்டாம் முறை கேட்டால் ஆறலாம். மூன்றாம் முறை கேட்கிறவன் பழி வாங்க ஒவ்வொரு வரியாக மனப்பாடம் செய்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். அன்று ராச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஐந்து நாளில் நான் செய்த காரியங்களை இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஒரு அறை அறையத் தோன்றுகிறது. குடைக்காரன் வில்லியனூர்க்காரன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பட்டது. அப்படியென்றால் வில்லியனூரில் அப்படி ஒருவன் இருக்க வேண்டுமே? விடியற்காலை கிளம்பி வில்லியனூர் போனேன். கோயில் குளத்தங்கரையில் வலது கக்கத்தில் குடை இடுக்கிய ஒருவரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் போய்ப் பணிவாகக் கேட்டேன்: "ஐயா, நீங்க நிழல் அளக்கிற வழக்கம் உண்டா?"

"ஏன், எனக்கு வேற வேல இல்லன்னு எவனாவது சொன்னானா?" என்றார்.

திரும்பி வந்தேன். சமாதானமாகப் போவோம் என்று ஒரு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு முறைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி சிரித்த முகமாக வாங்கி வைத்தார். பாதி வழி வந்ததும் நின்றுவிட்டேன். 'கேலி எழுதிவிட்டு, தண்ணீருக்கு முன்னால் தார் கொடுக்கிறான், லஞ்சம்' என்று அவர் நினைத்துவிட்டால்? ஓடிப்போய், "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க, இது வேற வூட்டுக்குப் போக வேண்டிய தாரு" என்று திரும்ப வாங்கி வந்துவிட்டேன். கொடுத்த தாரைத் திரும்பக் கேட்டு வாங்கியவன் பாகூர் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மனைவி அந்தத் தாரைப் பார்த்துவிட்டுச் சுக்குக் கஷாயம் வைக்கப் போனாள். பயத்தால் என் வயிறு வேறு கெட்டிருந்தது.

இவ்வளவும் அவரைப் பற்றிய பயம்தான். உண்மையான அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. முறைக்கு இரண்டு நாள் முன்னால் மச்சான் வந்து, பூட்சுக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு மேல் வயல்காரர் அவர்தான் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் மூன்று காணியும் மனைவி வழியில் வந்த நிலம், மேலே இருப்பது அவள் அண்ணன் பங்கு. அவர் மடை மூடினால்தான் என் மடை திறக்கும்.

"மாப்ள, இந்தத் தரம் எனக்கு ஆறு அடி வரைக்கும் தண்ணி."

"பன்னெண்டு மச்சான்."

"ஆறுன்னு நீதானே எழுதியிருக்க? இதோ பாரு. 'நிழல் ஆறு அடிக்குச் சுருங்கியதும் அவன் மேல்மடையை அடைத்தான்.' மேல்மடை யாரு? நான்."

"மச்சான், அது கதை!"

"அச்சுல வந்திருக்குதுப்பா. மேரியில அச்சடிச்ச தாள ஒட்டினா அது சட்டமா இல்லியா? இது மதராஸ்ல அச்சடிச்சது. பொய்யுன்னா இத்தினி பேருக்கு அச்சடிச்சு அனுப்புவானா?"

கூட வந்திருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். அச்சிட்ட தாளை எங்கள் ஊரில் கண்டது அரசாங்கச் சுவரில்தான். அதில் இருப்பதற்குக் கீழ்ப்படிந்துதான் அவர்களுக்குப் பழக்கம். ஒருவன் மனசறிந்து பொய்யைக் கோத்து எழுதுவான், இன்னொருவன் அதை அச்சடிப்பான் என்று சொன்னால் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. நான்தான் பொய் சொல்கிறேன் என்றார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை என் தண்ணீர். ஆறிலிருந்து ஐந்து வரை என்றால் முதல் காணியைத் தாண்டாது. இரண்டு காணி பதர். முறைக்காரருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? 'நீ எழுதியபடியே செய்கிறேனப்பா' என்று ஆறு அடியில் மடை மாற்றினால் போதும். பழியும் தீரும், யாரும் குறை சொல்லவும் முடியாது. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டது கஷாயம் மட்டும்தான்.

முறை நாள் காலை பனி விலகி வெயில் வந்தது. வாய்க்கால் கரையில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். மச்சான் தலையில் தொப்பி, கையில் பத்திரிகை. காலைப் பார்த்தேன். பூட்சு இல்லை! வெள்ளை வெளேரென்று, வெயிலே படாத இரண்டு பாதங்கள். தொப்பி இருந்தால் நிழல் நீளும். பூட்சு இருந்தால் அடி நீளமாகி எண்ணிக்கை குறையும். அதனால் தொப்பியை வைத்துக்கொண்டு பூட்சைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். தன் நிழலைத் தானே அளக்கப் போகிறாராம். கதையில் அவனைப் பூட்சு கழற்ற வைக்க எனக்கு ஒன்பது பக்கம் பிடித்தது.

முறைக்காரர் வந்தார். வழக்கமான நடை, வழக்கமான குடை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மச்சான் அந்த வரியை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் முறைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அதுல வர்ற ஆளு நானாப்பா?"

வில்லியனூர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் வேறு சொன்னது. "ஆமாண்ணே. நீங்கதான்."

"இந்த ஆறு அடி?"

"அது பொய்யிண்ணே. ஆளு தெரியக்கூடாதுன்னு நானா மாத்தினது. பன்னெண்டுதான் நெசம்."

கூடியிருந்தவர்களில் ஒருவர், "பாத்தியா, பொய்ய எழுதி அச்சுக்கு வேற குடுத்திருக்கான்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். முறைக்காரர் மச்சானைப் பார்த்தார்.

"தொப்பிய எடு."

"எதுக்குங்க?"

"உனக்கு எதுக்கு நெழலு? நான் அளந்தாத்தான் அளவு. வெயில மறைக்காத, தள்ளி நில்லு."

குடையைக் கீழே வைத்தார். நின்றார். குச்சி குத்தப்பட்டது. குதிகாலை விரலில் ஒட்டி நடந்தார். பதின்மூன்று. கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா நின்றோம். தண்ணீர் மச்சான் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மறுபடி அளந்தார். பன்னிரண்டு. மண்வெட்டியை எடுத்தார், மச்சான் மடையில் நாலு வெட்டு மண் போட்டு மிதித்தார், என் மடையைக் கொத்தித் திறந்தார். அவ்வளவுதான். எட்டு நாளாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் தொப்பியால் விசிறிக்கொண்டு, "அச்சுல வந்ததுக்கே மதிப்பு இல்லியா இந்த ஊர்ல?" என்று முனகியபடி பூட்சைத் தேடிப் போனார்.

எல்லோரும் போன பிறகு மெதுவாக அவர் பக்கத்தில் போனேன். "அண்ணே, எம்மேல கோவமா?"

"ஆமா." மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நெறயக் கோவம். மூணு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கனாச்சும் நல்ல வார்த்த ஒண்ணு வருமான்னு. வரல."

கழுவிய மண்வெட்டியைக் கரையில் சாய்த்து வைத்தார்.

"கோவத்துல ஆறு அடிக்கு மாத்திடலாம்னு ஒரு நாளு தோணிச்சு. அப்புறம் பாத்தேன். இன்னிக்கு உம்மேல கோவம், நாளைக்கு இன்னொருத்தன்மேல, நாளன்னிக்கு என் பொண்டாட்டிமேல. அப்புறம் கடைமடைக்காரன் இன்னா நம்பிக்கையில நாத்து நடுவான்?" குடையை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கினார். "நான் எப்பவும் மாறவே மாட்டேன்னு எழுதியிருக்கியாம். சும்மா நின்னுக்கினு இருக்கேன்னு நெனச்சியா? அவனவன் வந்து இழுக்கறான்பா."

அதை நான் எழுதவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. நிற்கிற ஆளை எழுதுவது சுலபம், ஒரு முளையை அடித்தாற்போல ஓரிடத்தில் அடித்துவிட்டு நகர்கிறவனைக் கவனித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த எட்டு நாளில் நான் எத்தனை ஆளாக மாறினேன் என்று எனக்கே கணக்கில்லை. மச்சான் ஏழு வருஷம் கடல் கடந்து மாறி வந்து, ஒரு மடைத் தண்ணீருக்காகப் பழைய மச்சானாகிவிட்டார். யாரும் இழுக்காதது போல் நின்றவர் இவர் ஒருவர்தான், இழுத்தவர்களோ இத்தனை பேர். அவரை வைத்து எழுத வேண்டிய கதை அதுதான். எனக்குக் கிடைத்தது குடை மட்டும்.

"அடுத்த தரம் எழுதுனா பன்னெண்டுன்னு போடு. ஆறுன்னு வெளியூர்ல எவனாவது படிச்சா என்னத் திருடன்னு சொல்லுவான்" என்றார். போடுகிறேன் என்றேன். போட்டும்விட்டேன், இதோ.

தண்ணீர் முதல் காணியைத் தாண்டி இரண்டாவதில் ஏறியது. மனைவி கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொண்டுவந்தாள். ஐந்து நாள் பசியும் ஒரே வேளையில் தீரும்படி குடித்தேன். "வயிறு சரியாயிடுச்சா?" என்றாள். அது மடை திறந்தபோதே சரியாகிவிட்டிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. மூன்றாம் காணியின் கடைசி மூலையில் கையகலம் ஓர் இடம் மட்டும் இன்னும் நனையவில்லை. முறைக்காரர் அளந்துவிட்டு மண்வெட்டியோடு என் மடைக்கு வந்தார்.

"அண்ணே, கொஞ்ச நேரம்ணே. அந்த மூல மட்டும் நனைஞ்சிடட்டும்."

"அஞ்சு அடிப்பா" என்றபடி நாலு வெட்டு மண் போட்டு மிதித்தார்.

தை மாதம் அறுவடையில் மூன்று காணியும் நன்றாக விளைந்திருந்தது. அந்த மூலையில் மட்டும் கதிர் மெலிந்து பாதி பதராக இருந்தது. நானும் அவரை இழுத்துப் பார்த்த மூலை அது. அதை அறுக்கும்போது எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. பக்கத்தில் அறுத்தவர்கள், பதரைப் பார்த்து எவனாவது சிரிப்பானா, இவனுக்கு மறுபடி வயிறு கெட்டு மண்டைக்கு ஏறிவிட்டதா என்று கேட்டார்கள். நான் அந்தப் பதரையும் சேர்த்து ஒரு பிடி அறுத்து அரியோடு போட்டேன்.